உன் பஸ்ஸைப் பார்க்கப் போயிருந்தேன்

என் சண்டைக்காரி தெய்வானைக்கு,

ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. மார்கழி மாதத்து மூடுபனி உள்ளே வந்து கட்டில், துணி, பாடப்புத்தகம் என்று ஒன்று விடாமல் ஈரமாக்கிவிட்டுப் போகிறது. நீ இருந்தவரை நான் சாத்துவேன், நீ திறப்பாய், மறுபடி நான் சாத்துவேன். வார்டன் அறையில் இரண்டு டீச்சர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி மல்லுக்கட்டுகிறார்கள் என்று சமையல்கார அக்கா சிரிப்பார். இப்போது சாத்துவதற்கு எனக்கு முழு உரிமை வந்துவிட்டது. சண்டைக்கு ஆளில்லாத உரிமையை வைத்துக்கொண்டு என்னடி செய்வது?

சித்திரையில் போனாய். காமாலை முற்றிவிட்டது என்று மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் நான் ஆரஞ்சுப் பழமும் உன் சீப்பும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து இறங்கி வந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்து, உன் அண்ணன் உன்னைத் தாண்டிக்குடிக்கு, அவர் வேலை பார்க்கும் காப்பித் தோட்டத்துக்கே கொண்டுபோய்விட்டார். வார்டில் உன் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். ஆரஞ்சை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்த அன்றைக்கே ஹெச்.எம். அம்மா என்னைக் கூப்பிட்டார். முழுப்பரீட்சை தொடங்க இருந்த நேரம். "ஜெயமணி, பிள்ளைங்ககிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். டிரில் டீச்சர் லீவுல போயிருக்காங்கன்னு சொல்லிருவோம். பரீட்சை முடியட்டும்" என்றார். பரீட்சை முடிந்தது. பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள். ஜூனில் திரும்பி வந்தபோது வேறொரு டிரில் டீச்சர் விசிலோடு நின்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. உன் லீவு இன்னும் முடியவில்லை, தெய்வானை.

இந்தப் பள்ளிக்கூடத்தில் உனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வெளிப்படையாக விழவில்லை. என் முகம் வீங்கியிருந்தால் சளி என்பேன். கொடைக்கானலில் சளிக்கு யார் காரணம் கேட்கப் போகிறார்கள்? உன் கான்வாஸ் ஷூ கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. பெருக்கும்போது ஒரு பக்கம் தள்ளி வைத்துப் பெருக்கிவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுவேன்.

சனிக்கிழமைகளும் நின்றுவிட்டன. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

நாம் இரண்டு பேரும் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் விடுதியில் என்ன சட்டம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மலைக்கு மேலேயிருந்து வருகிற பிள்ளைகளை முதல் மூன்று மாதம் வீட்டு ஆட்கள் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஏக்கம் கூடுமாம். வீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது. மறந்தால்தான் படிப்பு ஏறும் என்றார்கள். "பழகிரும்" என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம். பிள்ளைகளும் பழகினார்கள். எதற்குப் பழகினார்கள் என்றால், அழுவதற்குப் பதிலாக வயிற்றைப் பிடித்துக்கொள்ளப் பழகினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓமத் தண்ணீருக்கு வரிசை நிற்கும். "இந்த ஊர்ல மனசு வலிச்சா வயித்துலதான் சொல்லணும் போலருக்கு" என்று நீ சொன்னாய்.

அணிவகுப்பில் எவள் கையை வீசாமல் நடக்கிறாளோ அவளை எனக்குக் காட்டுவாய். நான் கணக்கு டீச்சர், எனக்கு அதெல்லாம் தெரியாது. "சோம்பேறிப் புள்ளடி" என்பேன். "இல்ல ஜெயமணி, அது கை இங்க இல்ல, வீட்ல இருக்கு" என்பாய்.

அப்புறம்தான் உன் கூத்து ஆரம்பித்தது. சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிறுத்தி, விசிலை ஊதி, பஸ் ஸ்டாண்டுக்கு நடத்திக்கொண்டு போனாய். அப்போதிருந்த பழைய ஹெச்.எம். கேட்டதற்கு "நடைப்பயிற்சி" என்று கூசாமல் சொன்னாய். பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சோலிதான். அவரவர் ஊர் பஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். பூம்பாறை பஸ் வந்தால் பூம்பாறைப் பிள்ளை ஓடும். மன்னவனூர் பஸ் வந்தால் மன்னவனூர்ப் பிள்ளை ஓடும். கண்டக்டரிடம் சேதி சொல்லும். "அண்ணே, எங்கம்மாட்ட எனக்குச் சளி விட்ருச்சுன்னு சொல்லிருங்க." "அண்ணே, எங்க ஆடு குட்டி போட்ருச்சான்னு கேட்டுட்டு வாங்க." அடுத்த வாரம் அதே கண்டக்டர் ஆட்டுக்குட்டியின் நிறத்தைச் சொல்வார். மடித்த துணிப்பையில் அவித்த உருளைக்கிழங்கோ பேரிக்காயோ வரும். பிள்ளை பஸ்ஸை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வரிசைக்குத் திரும்பிவிடும்.

நான் பயந்தேன். பஸ்ஸைப் பார்த்தால் ஏறி ஓடிவிடுவார்களே என்றேன். ஒருத்திகூட ஓடவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் சோறு மிஞ்சவில்லை என்று சமையல்கார அக்காதான் புலம்பினார்.

எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பஸ்ஸைப் பார்த்து முடித்த பிறகும் நீ கிளம்ப மாட்டாய். கிளாவரை பஸ் வரட்டும் என்பாய். அதுதான் கடைசியாக வரும், ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, உடம்பெல்லாம் சேறோடு. வந்ததும் மாட்டைத் தட்டுகிற மாதிரி அதன் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவாய். "ஒனக்கு அந்த ஊர்ல யாருடி இருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்ல. எங்க தோட்டத்துக்கு இங்கிருந்து பஸ் இல்லையே. இருக்கிறதுலேயே தூரமாப் போறது இதுதான். அதனால இதையே எங்க ஊர் பஸ்னு வச்சுக்கிட்டேன். விளங்குதா?"

விளங்கியது. கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவள் நீ. கப்பலில் இக்கரைக்கு அனுப்பி வைக்கப்பட்டு, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தவள். தேத்தண்ணி என்று நீ கேட்டால் டீக்கடைக்காரர் இன்னொரு முறை கேட்பார். எண்பத்து மூன்று ஆடி மாதம் கொழும்புக் கலவரச் செய்தி கேட்டு ரேடியோவை அணைத்தவள், அப்புறம் தொடவே இல்லை.

உன் அப்பா விஷயத்தையும் அந்தப் பஸ் ஸ்டாண்டு சிமென்ட் பெஞ்சில் வைத்துத்தான் சொன்னாய். தோட்டத்துக் கணக்கு முடித்து வாங்கிக்கொண்டு அடுத்த கப்பலில் வருகிறேன் என்று பின்தங்கியவர், அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். சேதி வந்தபோது நீ பள்ளிக்கூடத்து இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அம்மாவும் மாமாவும் மறைத்துவிட்டார்கள். அப்பா வந்தால் சொல்ல வேண்டியதையெல்லாம் நீ மனசுக்குள் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய், இந்தியாவில் காக்கா எப்படிக் கத்துகிறது என்பது உட்பட. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்றைக்குத்தான் சொன்னார்கள்.

"பாஸாகிட்டேன் ஜெயமணி. ஆனா எனக்கு மட்டும் அப்பா பரீட்சை முடிஞ்ச அன்னைக்குத்தான் செத்தாரு. எல்லாரும் அழுது முடிச்ச பொறகு நான் தனியா ஆரம்பிச்சேன். கூட அழ ஆளில்ல."

இதை நீ சொன்னபோது நான் பிள்ளைகளை எண்ண எழுந்துவிட்டேன். எதையாவது சொல்லியிருக்கலாம்.

சரி, இப்போது சேதி. பாண்டியம்மாளை உனக்குத் தெரியும். கிளாவரைப் பிள்ளை, உன் பஸ்ஸில் உனக்குப் பங்காளி. நீ போகும்போது ஏழாம் வகுப்பு, இப்போது எட்டு. வாயாடி. கண்டக்டரிடம் அவள் சொல்லி அனுப்பும் சேதிக்கு ஒரு ஆள் டிக்கெட் போட வேண்டும் என்று கிண்டல் செய்வாயே, அவள்தான்.

ஐப்பசி மழையில் அவள் அம்மா இறந்துபோனாள். பிரசவத்தில். பிள்ளையும் தங்கவில்லை. மண் சரிந்து பாதை அடைத்துக் கிடந்ததால் எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. பாதை திறந்த பிறகு அவள் அப்பா வந்தார். ஹெச்.எம். அறையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். என்னையும் வார்டன் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

"நீங்களே பாத்துச் சொல்லிருங்கம்மா. எனக்கு அது மூஞ்சியப் பாக்க ஏலாது" என்றார் அவர்.

ஹெச்.எம். காலண்டரைப் பார்த்தார். "அரைப்பரீட்சை வருது. இப்பச் சொன்னா பிள்ளை படிக்குமா? பரீட்சை முடிஞ்சு லீவுக்கு வரும்போது சொல்லிக்கலாம். அதுவரைக்கும் அம்மாவை மதுரை ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு சொல்லுவோம்" என்றார்.

அவர் வேண்டுமென்றே கெடுதல் செய்கிறவர் இல்லை, தெய்வானை. நீ அவரோடு பழகியது கொஞ்சக் காலம்தான். பாண்டியம்மாளின் அப்பா போனதும் ஹெச்.எம். அம்மாவிடமே கேட்டேன். "நான் என்ன கல்லு நெஞ்சுக்காரியா ஜெயமணி? மேல ஊர்கள்ல ஒரு வருஷம் ஃபெயிலானா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாதா? தாயில்லாத வீடு, சமைக்க ஆள் வேணும்னு நிறுத்திருவாங்க. அடுத்த தையில ஒரு மாப்பிள்ளை வந்துருவான். இந்தப் பிள்ளை எட்டாவதைத் தாண்டணும்னு நான் பாக்கேன்" என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை. நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளையிடம் ஆஸ்பத்திரி என்று சொன்னவளும் நான்தான். கேட்டுக்கொண்டாள். "சரி டீச்சர்" என்றாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எப்போது வருவாள் என்று ஒரு கேள்விகூட இல்லை. வாயாடிப் பிள்ளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றால் எனக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டாமா? நீயாக இருந்தால் அங்கேயே பிடித்திருப்பாய்.

அதிலிருந்து அவள் பேச்சு குறைந்தது, பிறகு நின்றது. சாப்பாட்டுத் தட்டில் சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கி, கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவாள். ஸ்வெட்டர் கையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நூல் பிரிந்து தொங்கியது. சாயங்காலம் ஹாரன் சத்தம் வந்தால் வாசல் கேட்டுக்குப் போய் நிற்பாள். பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். சமையல்கார அக்கா மந்திரித்துத் தாயத்துக் கட்டச் சொன்னார். புது டிரில் டீச்சர், பாவம், மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டுப் பார்த்தார். நான் பூஸ்ட் கலந்து கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் கையை வீசாமல் நடந்ததைப் பார்த்தேன். காட்டுவதற்கு நீ இல்லை. நான் பார்த்ததைச் சொல்லவும் ஆளில்லை. இந்த அறையில் உட்கார்ந்து உன் காலிக் கட்டிலைப் பார்த்து "இப்ப என்னடி செய்யட்டும்?" என்று நிஜமாகவே வாய்விட்டுக் கேட்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பிரேயரில் நின்றிருந்தவள் அப்படியே மடங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நாடி பார்த்தார், கண்ணைத் திறந்து பார்த்தார். "காய்ச்சல் இல்ல, ஒரு கோளாறும் இல்ல. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க" என்று டானிக் எழுதிக் கொடுத்தார். டானிக் பாட்டிலோடு திரும்பி நடந்தோம். தூறல் விழுந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தானே வரவேண்டும்? நீ போன பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. சந்தைக்குக்கூட ஏரியைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். அன்றைக்கு அந்தப் பிள்ளையால் அவ்வளவு தூரம் சுற்ற முடியாது.

அப்போது பார்த்து உன் பஸ் உள்ளே வந்தது. அதே சாய்வு, அதே சேறு. முட்டைக்கோஸ் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த நம் பழைய கண்டக்டர் சீனி என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க டீச்சர், ஆளையே காங்கல! நானும் இத்தனை மாசமா வத்தலக்குண்டு ரூட்ல கெடந்தேன், இப்பத்தான் திரும்ப இங்க போட்டாங்க. எங்க நம்ம டிரில் டீச்சர்? மாத்தலாகிப் போய்ட்டாங்களா? ஒரு வார்த்தை சொல்லாமப் போய்ட்டாங்களேன்னு எனக்குக் கோவந்தான்."

லீவில் போயிருக்கிறாள் என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை மாதம் சொல்லிப் பழகிய வாய். ஆனால் அந்த மனுஷன் உன்மேல் கோபமாக இருக்கிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லாமல் போகிறவளா நீ?

"இல்லண்ணே. அவ மாத்தலாகிப் போகல. செத்துப் போய்ட்டா. சித்திரையில."

அதுதான் முதல் தடவை, தெய்வானை. அந்தச் சொல்லை என் வாயால் நான் கேட்டதே அப்போதுதான். சீனி தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அய்யோ, நல்ல மனுசியாச்சே" என்றார். அப்புறம் நீ தட்டுகிற அந்த இடத்தில் பஸ்ஸைத் தன் கையால் தடவினார்.

பாண்டியம்மாள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் குரல்.

"டிரில் டீச்சர் லீவுலன்னுதான சொன்னீங்க?"

"ஆமாடா."

"அப்ப எங்கம்மா ஆஸ்பத்திரின்னு சொன்னதும் இப்படித்தானா டீச்சர்?"

அரைப்பரீட்சை ஞாபகம் வந்தது, ஹெச்.எம். ஞாபகம் வந்தது, தையில் வரப்போகிற மாப்பிள்ளைகூட ஞாபகம் வந்தான். எல்லாவற்றுக்கும் மேலே நீ அந்தச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து "எல்லாரும் அழுது முடிச்ச பொறகு" என்று சொன்னது ஞாபகம் வந்தது. நான் கீழே உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ஆமாடா கண்ணு. அம்மா போயிருச்சு. ஐப்பசியிலயே போயிருச்சு. தம்பிப் பாப்பாவும் போயிருச்சு."

அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். "அப்பா ஹெச்.எம். ரூமுக்கு வந்துட்டு என்னையப் பாக்காமப் போனாரு. நான் கிளாஸ் ஜன்னல்லருந்து பாத்தேன். எங்கப்பா என்னையப் பாக்காமப் போகமாட்டாரு." பிறகு கேட்டாள்: "ஏன் டீச்சர் சொல்லல?"

"பரீட்சை வருதுல்ல, அதான்."

"எந்தப் பரீட்சை டீச்சர்?"

கிண்டல் இல்லை அதில். நிஜமாகவே அவளுக்கு அது புரியவில்லை.

பஸ் புறப்பட இருந்தது. திரும்பிப் போய்க் கிளாவரையில் நிறுத்திவிட்டு மறுநாள்தான் இறங்கும். "ஏத்துங்க டீச்சர் பிள்ளைய, வெரசா ஏறுங்க, டிக்கெட்டு நான் பாத்துக்கறேன்" என்றார் சீனி. அனுமதி வாங்கவில்லை. லீவு எழுதிக் கொடுக்கவில்லை. வார்டன் விடுதியை விட்டுவிட்டு மலை ஏறுகிறாள். டீக்கடைக்காரரிடம் பள்ளிக்கூடத்துக்குச் சேதி சொல்லி அனுப்பச் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்று எத்தனை தடவை என்னைச் சொல்லியிருப்பாய்!

நீ அந்தப் பஸ்ஸை அத்தனை வருஷம் தட்டினாயே, ஒருதடவைகூட ஏறவில்லையே. நான் ஏறினேன். பூம்பாறை வளைவு வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பூண்டு வயல் தெரிந்தது. "எங்கம்மா இங்கதான் வெதப் பூண்டு வாங்கும்" என்றாள். அதோடு உடைந்தது. என் மடியில் கவிழ்ந்து அவள் அழுத அழுகையில் பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் திரும்பி, எதுவும் கேட்காமல், தன் கம்பளியைக் கழற்றிப் பிள்ளைமேல் போர்த்தினாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிள்ளை ஒருத்திக்குத்தான் தெரியக்கூடாது என்று வைத்திருந்தோம்.

பொழுது இறங்கும்போது போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு, நம் கீழ் நாட்டிலும் உண்டுதான். துக்கத்துக்குப் பிந்தி ஒரு ஆள் வந்தால், காரியமெல்லாம் முடிந்திருந்தாலும், பெண்கள் மறுபடி கூடிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதலிலிருந்து அழுவார்கள். வந்தவளுக்காகச் சாவு இன்னொரு முறை நடக்கும். பாண்டியம்மாள் தெருவில் கால் வைத்ததுதான் தாமதம், வீட்டு வீட்டுக்குக் கதவு திறந்தது. அடுப்பில் வைத்ததை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். "வந்தியாடி எந்தாயி, தாயப் பாக்க வந்தியா" என்று அவளை நடுவில் இழுத்து வட்டம் கட்டினார்கள். அவள் அப்பா வாசலில் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அவரும் வந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஓரமாக நின்றேன். யாரோ ஒரு கை என்னையும் உள்ளே இழுத்தது. யார் தோள் என்று தெரியாது, விறகுப் புகையும் ஈரக் கம்பளியும் மணத்தது. அந்தத் தோளில் தலையை வைத்தேன். சித்திரையிலிருந்து சளி சளி என்று சொல்லிக்கொண்டிருந்தது மொத்தமும் வந்துவிட்டது. அந்த அம்மாளை எனக்குத் தெரியாது, இறந்தவளை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அந்த ஊரில் நான் வாய்விட்டு அழுதேன். உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். வேறு யாருடைய சாவிலோ புகுந்து உனக்கு அழுதுவிட்டு வந்திருக்கிறேன்.

கொஞ்சம் அடங்கிய பிறகு அந்தத் தோளுக்குச் சொந்தக்காரி கேட்டாள். "தெய்வானை தெய்வானைன்னீகளே. அது ஒங்களுக்கு என்ன வேணும்?"

கூட வேலை பார்த்தவள் என்று சொல்லியிருக்கலாம். "என் தங்கச்சி" என்றேன்.

தெரியும், நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். அஞ்சாறு மாச மூப்புக்கெல்லாம் அக்கா கிடையாது, வேண்டுமானால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று முதல் நாளே கறாராகச் சொன்னவள் நீ. அந்த அம்மாளிடம் இந்த வழக்கெல்லாம் எப்படிச் சொல்வது?

ராத்திரி அவர்கள் வீட்டில் பாண்டியம்மாள் சாப்பிட்டாள். அதிகமில்லை. ரசத்தில் கரைத்த சோறு, அவள் அப்பா உருட்டிக் கொடுத்தார்.

நான் மட்டும் மறுநாள் இறங்கினேன். ஹெச்.எம். அம்மா எனக்கு மெமோ கொடுத்தார். "உன்னை நம்பித்தான விடுதியைக் குடுத்தேன்? அந்தப் பிள்ளை திரும்பி வரலைன்னா அதுக்கு நீதான் பொறுப்பு" என்றார். அவருக்கு அது கோபமில்லை. பயம்தான். எனக்கும் அதே பயம் இருந்தது. ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நான் செய்தது சரிதானா என்று உன்னிடம் கேட்க முடியாமல் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். ஒருவேளை சமையலுக்கு நிறுத்திவிட்டார்களோ, ஹெச்.எம். சொன்னதுதான் நடந்துவிட்டதோ?

அடுத்து வந்த சனிக்கிழமை, அவள் அப்பா அந்தப் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார். சீனிக் கண்டக்டர் பள்ளிக்கூட வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தார். அரைப்பரீட்சை எழுதினாள். கணக்கில் ஃபெயில், என் பாடத்திலேயே. ஆங்கிலத்திலும் போய்விட்டது. வருஷக் கடைசியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவள் அப்பா மனசு எப்படி இருக்கும் என்றும் தெரியாது. தினமும் சாயங்காலம் அவளை உன் கட்டிலில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பாதி நேரம் அம்மாவைப் பற்றிப் பேசுகிறாள். பேசட்டும் என்று விடுகிறேன். தட்டில் சோறு ஒதுங்குவதில்லை. சில நாள் அழுகிறாள், வயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல்.

நேற்று சனிக்கிழமை. பிள்ளைகளை மைதானத்தில் இரண்டிரண்டு பேராக நிறுத்தினேன். உன் விசிலை ஊதினேன், பாதிக் காற்றுதான் வந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். கிளம்புவதற்கு முன்னால் அவர்களிடம் சொன்னேன். உங்கள் டிரில் டீச்சர் தெய்வானை லீவில் இல்லை, சித்திரையில் காமாலையில் இறந்துபோனார், நாங்கள் உங்களிடம் சொல்லவில்லை என்று. அப்புறம் ஒரு சின்னது ஆரம்பித்தது, வரிசை பூராவும் அழுதது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஹெச்.எம். அம்மா மாடி வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு மெமோதான் என்று நினைத்தேன். இறங்கி வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "மழை வரும் போலருக்கு. குடை எடுத்துட்டுப் போங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகள் அவரவர் பஸ்ஸைப் பார்த்து முடித்தார்கள். கடைசியாக உன்னுடையது வந்தது. பாண்டியம்மாள் போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் தட்டினேன். கையெல்லாம் சேறு.

தெய்வானை, ஒரு வாக்குத் தருகிறேன். இந்த விடுதியில் நான் இருக்கும்வரை எந்தப் பிள்ளையிடமும் சாவை லீவு என்றோ ஆஸ்பத்திரி என்றோ சொல்ல மாட்டேன். எந்தப் பரீட்சை வந்தாலும் சரி. சொல்லிவிட்டு, கூட உட்கார்ந்து அழுவேன். எந்தப் பிள்ளையும் எல்லோரும் முடித்த பிறகு தனியாக ஆரம்பிக்கக் கூடாது.

எழுதி முடித்ததும் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். நனைந்தால் நனையட்டும்.

நீ ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும்,
உன் அக்கா,
ஜெயமணி